உப்புக் காற்றா, ஈயமா: அலுமாரிக்குள் வெடிக்கும் சின்னக் கார்கள்

திருகோணமலை டைக் வீதியில், கடலைப் பார்த்த வீடொன்றின் கண்ணாடி அலுமாரியை எடுத்துக்கொள்வோம். மேல்தட்டில் 1960களின் கோர்கி என்ற பிரித்தானிய விளையாட்டுக் கார் ஒன்று நிற்கிறது. பெயின்ற் அங்கங்கே உரிந்திருந்தாலும் உடல் கல்லுப் போல இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், பதினைந்து வருடங்களுக்கு முன் வாங்கிக் கைபடாமல் வைத்த 1:18 கார், அதாவது உண்மையான காரின் பதினெட்டில் ஒரு பங்கு அளவில் செய்தது. அதன் கதவு திறக்க மறுக்கிறது, பொனற் நடுவில் மேலெழும்பி நிற்கிறது, கூரையில் சிலந்தி வலை போல வெடிப்பு. இரண்டும் குடித்தது ஒரே கடற்காற்று. இளையது ஏன் முதலில் சாகிறது?

சேகரிப்பவர்களைக் கேட்டால் "உப்புக் காத்து தின்னுது" என்பார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி தெரியாததால், காப்பாற்ற முடியாத காருக்குப் பணம் கொட்டுவதும், துடைத்துவிட்டால் சரியாகும் காரைத் தூக்கி எறிவதும் நடக்கிறது.

இரும்புக் கார் என்பது இரும்பல்ல

கையில் கனக்கும் சின்னக் காரை எல்லாரும் இரும்புக் கார் என்றே சொல்வார்கள். காந்தத்தை உடலில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. சில்லுக்கம்பியில் ஒட்டும், அடித்தட்டு தகரமாக இருந்தால் அதிலும் ஒட்டும். உடல் என்பது நாகக் கலப்புலோகம். நாகம் என்றால் இந்தியத் தமிழர் துத்தநாகம் என்று சொல்வது, கூரைத் தகரத்துக்கு முலாமாகப் பூசுவது.

இந்தக் கலவைக்கு சமாக் என்று பெயர். நாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்த சொல். பிரித்தானியர் மசாக் என்பார்கள். பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். பரவலாகப் பாவிக்கப்படும் சமாக் 3 இல் அலுமினியம் ஏறக்குறைய 4%, மக்னீசியம் 0.04% அளவு, மிகுதி நாகம். 385 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 பாகை வேண்டும். குறைந்த சூட்டில் உருகுவதால் உருக்கு வார்ப்பச்சு நெடுநாள் தேயாது. அழுத்தத்தில் செலுத்தினால் மெல்லிய கிறில் கம்பி வரைக்கும் உலோகம் ஓடிப் பதியும். விளையாட்டுப் பொருள் செய்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு துளி ஈயம்

இந்தக் கலவைக்கு ஒரு எதிரி உண்டு. ஈயம். வெள்ளீயமும் கட்மியமும் கூட அந்தக் கூட்டம்தான், ஆனால் வழக்கமான குற்றவாளி ஈயம். நடப்பது இது:

1. ஈயம் திண்ம நாகத்துக்குள் கரையாது. உருகிய கலவை ஆறி மணி மணியாக உறையும்போது, உள்ளே இடம் கிடைக்காத ஈயம் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் ஒதுங்குகிறது.
2. காற்றின் ஈரம் அந்த எல்லைகளைப் பற்றுகிறது. அங்கே அரிப்பு தொடங்கி, மேற்பரப்பில் நிற்காமல் எல்லை வழியே உள்ளே இறங்குகிறது.
3. அரிப்பில் உண்டாகும் சேர்வைக்கு, அது தோன்றிய உலோகத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். ஆகவே மணிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கார் வீங்குகிறது, நீளுகிறது, வளைகிறது.
4. தள்ளுதலால் வெடிப்பு திறக்கிறது. திறந்த வழியால் இன்னும் ஈரம் போகிறது. கடைசியில் விரலால் அழுத்தினாலே பழைய பிஸ்கற் போல நொறுங்கும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருக்கும்.

இதைத்தான் சேகரிப்பவர்கள் சிங்க் பெஸ்ற் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பெஸ்ற் என்றால் கொள்ளைநோய் என்று பொருள் வருவதால், பக்கத்துக் காருக்கும் தொற்றும் என்று பயந்து முழு அலுமாரியையும் பிரித்து வைப்பவர்கள் உண்டு. தொற்றாது. ஈயம் உருகிய கலவையிலேயே கலந்திருக்க வேண்டும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்கள் ஒன்றாக உடைந்தால், இரண்டும் ஒரே கெட்ட வார்ப்பில் பிறந்தவை என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு ஈயம் போதும்? வார்ப்புக் கலவையில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறையிலுள்ள எல்லை. ஒரு தொன் உலோகத்துக்கு 50 கிராம். கரைவலையில் கட்டும் ஈயக் குண்டு ஒன்றிரண்டு உலையில் தவறி விழுந்தாலே அந்தத் தொன் முழுவதும் எல்லையைத் தொட்டுவிடும்.

1923 அளவில்தான் இந்தச் சிதைவு ஒரு சிக்கலாகக் கவனிக்கப்பட்டது. 1929 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிங்க் கம்பனி, 99.99% தூய நாகத்தை அடிப்படையாக வைத்து சமாக் கலவைகளை உருவாக்கியது. ஆனால் தூய உலோகம் கிடைப்பது ஒன்று, உலைக்காரர் கையிருப்புக் கழிவை அதற்குள் போடாமல் இருப்பது இன்னொன்று. 1934 இல் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் டிங்கி ரோய்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய கார்களில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை பெருமளவில் இந்தச் சிதைவுக்குப் பேர்போனவை. போருக்குப் பிந்திய டிங்கி, 1953 இல் லெஸ்னி நிறுவனம் தொடங்கிய மட்ச்பொக்ஸ், 1956 இல் வந்த கோர்கி ஆகியவற்றில் இது அரிது. பிறகு 1990களிலும் 2000களிலும் வந்த வார்ப்புகளில் சிலவற்றில் திரும்பத் தலைகாட்டியது. வயதைப் பார்த்து நம்பவோ பயப்படவோ கூடாது என்பதற்கு மேற்படி அலுமாரியே சாட்சி.

எது எந்த நோய்

குழப்பம் வருவது இங்கேதான். வேறுவேறு காரணத்தால் வரும் நான்கு சங்கதிகளை ஒரே பெயரில் "கறள்" என்று சொல்லிவிடுகிறோம்.

1. நாகச் சிதைவு. மேலே சொன்னது. வெடிப்பு உலோகத்தினுள் இருக்கும். பெயின்றைச் சுரண்டினாலும் கோடு தொடரும். திறந்து மூடும் பாகங்கள் முதலில் இறுகும், ஏனென்றால் அங்கே இடைவெளி அரை மில்லிமீற்றர்கூட இருக்காது. அடுத்தது அடித்தட்டு வாழைப்பழம் போல வளையும், நாலு சில்லில் ஒன்று நிலத்தில் படாது. மருந்து இல்லை.

2. வெள்ளைப் பொடி. பெயின்ற் இல்லாத அடிப்பகுதியில் மாப் பூசினது போல இருக்கும். மேற்பரப்பு நாகம் ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உண்டானது. மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். கீழே உலோகம் உறுதியாக இருந்தால் கவலை இல்லை.

3. சில்லுக்கம்பிக் கறள். உருக்குக் கம்பி. இது சுத்தமாக உப்புக் காற்றின் வேலை. கம்பியின் நுனி மண்ணிறமாகி, சில்லின் ஓரத்தில் தேயிலைச் சாயம் போலக் கறை ஊறும்.

4. ரயர் உருகுதல். மென்மையான பிவிசி ரயரை வளையப் பண்ணுவதற்குச் சேர்த்த எண்ணெய்ப் பொருள், காலப்போக்கில் வெளியே கசிந்து, தான் தொட்டு நிற்கும் கண்ணாடி போன்ற பொலிஸ்ரைரின் மேடையைக் கரைக்கும். காரைத் தூக்கினால் நாலு குழி, நாலு ஒட்டல். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் நடக்கும். காரின் அடித்தட்டுக்குக் கீழே 5 மி.மீ. கட்டை ஒன்றை வைத்து, சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்துவதே போதும். அல்லது ரயருக்குக் கீழே ஒரு துண்டுப் பொலித்தீன்.

சிறு கொப்புளங்கள் மட்டும் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். வார்க்கும்போது உலோகத்தில் அடைபட்ட காற்று, பெயின்றை அடுப்பில் சுடும்போது வீங்கி அப்படி நிற்கும். அது வாங்கிய அன்றும் இருந்திருக்கும், பத்து வருடத்துக்குப் பிறகும் அதே அளவில் இருக்கும். வளர்கிறதா என்பதே கேள்வி.

வளர்கிறதா என்று அளப்பது

கண்ணால் பார்த்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. பள்ளிக்கூட விஞ்ஞானகூடத்தில் பாவிக்கும் வேணியர் இடுக்கிமானி போதும். இலக்கத் திரை உள்ளது இன்னும் நல்லது.

மொரிஸ் மைனரை உதாரணமாக வைப்போம். உண்மையான கார் 3.76 மீற்றர் நீளம். 1:43 அளவில் அது 87 மி.மீ., 1:64 அளவில் 59 மி.மீ. வரும். வாங்கிய அன்றே முழு நீளத்தையும், முன்சில்லுக்கம்பிக்கும் பின்சில்லுக்கம்பிக்கும் இடைத் தூரத்தையும் அளந்து பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை அதே இடத்தில் அளக்க வேண்டும். பம்பரில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் அதைத் தவிர்த்து உலோகத்தில் அளக்கவும்.

வெயிலில் உலோகம் விரியுமே என்ற சந்தேகம் வரும். 10 பாகை சூடு கூடினால் 87 மி.மீ. கார் 0.02 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். ஆகவே 0.3, 0.5 மி.மீ. கூடியிருந்தால் அது வெயில் அல்ல. அந்தக் காரைத் தனியே எடுத்து, படம் பிடித்து வைத்துவிட்டு, அதற்குச் செலவு செய்வதை நிறுத்துங்கள். பெயின்றை நீக்கிப் புதிதாக அடிப்பது, வெடிப்பில் பசை ஊற்றுவது, எல்லாம் பார்வைக்கு மட்டும். பெயின்ற் நீக்கும் அமிலமும் காரமும் உள்ளே இறங்கி வேகத்தைக் கூட்டும்.

வாடையும் கச்சானும்

இனிக் கடலுக்கு உரிய பங்கைக் கொடுக்கலாம். ஈயம் கலந்த வார்ப்பு எங்கே இருந்தாலும் சிதையும். எவ்வளவு விரைவில் என்பதை ஈரமும் சூடும் தீர்மானிக்கின்றன. திருகோணமலையில் இரண்டும் தாராளம்.

சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் சாரீரப்பதன் (ஈரப்பதம்) 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். குசினியில் உப்புப் போத்தல் மாரியில் தண்ணீர் விடுவது அதனால்தான். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் அலுமாரிக்குள் இருக்கும் காரின் மேலும் அதே கதை: கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் கரைசலாகி நிற்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் காற்று காய்ந்துவிடும், உப்பும் காய்ந்துவிடும் என்று நினைப்போம். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33% சாரீரப்பதனிலேயே நீரை இழுக்கும். அதாவது கடலோர வீட்டில் படிந்த உப்பு வருடம் முழுவதும் பூரணமாகக் காய்வதே இல்லை. உப்புவெளி என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எனவே முதலில் உப்பைக் கழுவ வேண்டும், உலர்த்துவது அதற்குப் பிறகு. உப்போடு பெட்டிக்குள் அடைத்தால் நோயையும் சேர்த்து அடைத்ததாகும்.

கழுவும் முறை:

1. பெற்றோல் நிரப்பு நிலையத்திலோ வாகன உதிரிப்பாகக் கடையிலோ பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள். லேபிளை வாசித்து வாங்குவது முக்கியம்: அதே தட்டில் பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் நிற்கும், அது நாகத்தைக் கொதிக்க வைத்துத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கரையோரக் கிணறுகளில் அதிலேயே உப்பு.
2. மேக்கப் தூரிகை போன்ற மென்மயிர்த் தூரிகையை நனைத்து, பொனற் விளிம்பு, கதவு இடுக்கு, சில்லுவளைவு என்று துடையுங்கள். காரை முழுக்க முக்க வேண்டாம். உள்ளே போன தண்ணீர் யன்னல் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நின்று பனி போலப் படியும். காகிதத்தில் ஒட்டிய இலக்கங்கள், சின்னங்கள் இருந்தால் அவற்றைத் தொடாமல் போகவும்.
3. மின்விசிறிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம். வெயிலில் வைக்காதீர்கள்.
4. சில்லுக்கம்பியின் நுனியில் ஊசி முனையால் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வைத்தால் முதல் மாதம் நன்றாக இருக்கும், ஆறாம் மாதம் ஊறல் மணமும் பிசினும்தான்.

பெட்டிக்குள் எவ்வளவு ஈரம்

இறப்பர் வளையம் உள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, 10 லீற்றர் என்று வைப்போம். 30 பாகையில் 80% ஈரமான காற்று அதற்குள் இருந்தால், அந்தக் காற்றிலுள்ள மொத்த நீர் கால் கிராம்தான். அதைப் பார்த்து ஒரு சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியடைபவர்கள் ஏமாறுகிறார்கள். உண்மையான நீர் காரின் காட்போட் பெட்டிகளில் இருக்கிறது. மாரியில் ஊறிய 200 கிராம் காட்போட், காய்ந்து வரும்போது 10 கிராம் அளவில் நீரை விடும். சிலிக்கா ஜெல் தன் எடையில் நாலில் ஒரு பங்கு வரை பிடிக்கும். மூடியால் கசிவதையும் சேர்த்தால் 100 கிராம் போடுவதே கணக்கு. செம்மஞ்சள் மணிகள் பச்சையாக மாறினால் நிறைந்துவிட்டது. பேக்கிங் அவணில் 120 பாகைக்கு மேற்படாமல் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பழையபடி. நீல மணியில் கோபால்ற் குளோரைட் இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

வேறு சில தவறுகள்: பூச்சி உருண்டையை உள்ளே போட்டால் அதன் ஆவி பிளாஸ்டிக் பாகங்களை மென்மையாக்கும். கழன்ற யன்னலை சூப்பர் குளூவால் ஒட்டினால் ஆவி வெள்ளைப் பூஞ்சணம் போலக் கண்ணாடியில் படியும், ஈரக் காற்றில் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையே போதும். புதிய பிளைவுட் அலுமாரி விடும் அமில ஆவியும் நாகத்துக்கும் ஈயத்துக்கும் ஆகாது. ஆறு மாதம் திறந்து ஆறவிடுங்கள்.

சரிவுத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு

சேகரிப்பிலிருந்து பந்தயத்துக்குப் போக மோட்டார் வேண்டுமென்றில்லை. 1:64 கார்களைச் சரிவுத் தடத்தில் விட்டு, எது முதலில் வருகிறது என்று பார்ப்பது மலிவான பந்தயம். 1968 இல் மற்றெல் நிறுவனம் ஹொட் வீல்ஸைக் கொண்டுவந்தபோது மற்றவர்களைப் பின்தள்ளியது மெல்லிய கம்பியில் அதிக உராய்வில்லாமல் உருண்ட சில்லுகளால்தான். அந்த மெல்லிய கம்பியில் கறள் ஒரு தூசளவு ஏறினாலும் கார் பாதித் தடத்தில் நின்றுவிடும்.

பிரித்துச் சரிபார்க்க, அடியிலுள்ள குமிழ் ஆணியின் தலையை முதலில் 2 மி.மீ. துளையூசியால் மையம் பிடித்து, பிறகு 3 மி.மீ. அல்லது 3.5 மி.மீ. ஊசியால் ஓரம் கழலும் வரை மட்டும் குடைய வேண்டும். அதற்கு மேல் போனால் ஆணித்தலையைத் தாங்கும் தூணே போய்விடும். திரும்பப் பூட்ட 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 (2 மி.மீ.) மரை வெட்டி, 4 அல்லது 5 மி.மீ. திருகாணி. மரை வெட்டும்போது தூண் நீளவாக்கில் பிளந்தால், கையில் இருப்பது சிதைவு தொடங்கிய வார்ப்பாக இருக்கலாம். அதை ஓட விடாதீர்கள். கம்பியைக் கண்ணாடித் துண்டில் உருட்டினால் வளைவு தெரியும். 2000 இலக்க நீர்த்தாளால் மினுக்கி, காரீயப் பொடி (ஈயமல்ல, பென்சில் முனையிலுள்ள கிராபைற்) போடுங்கள். முன்பு விட்ட எண்ணெயைத் துடைக்காமல் பொடி போட்டால் கறுப்புப் பசைதான் மிஞ்சும்.

எடை கூட்டத் தூண்டில் ஈயக் குண்டைத் தட்டி உள்ளே ஒட்டுவது வழக்கம், 35 கிராம் காருக்கு 10 கிராம் கூட்டினாலே வித்தியாசம் தெரியும். ஈயம் என்றதும் மேலே சொன்னது நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒட்டிய ஈயம் நாகச் சிதைவை உண்டாக்காது, கலவைக்குள் உருகினால் மட்டுமே அது. ஆனால் இரண்டு உலோகம் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் நாகத்தின் மேற்பரப்பு அரிக்கும், ஆகவே ஒட்டுநாடா சுற்றி ஒட்டுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெரிய காரிலும் அதே உலோகம்

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. கதவுக் கைபிடியும் பெயர்ச் சின்னமும் பெரும்பாலும் குரோம் பூசிய மசாக். செம்பு, நிக்கல், குரோம் என்று மேலே மூன்று படை; அதில் ஊசித்துளை விழுந்தால் உப்பு நாகத்தைத் தொடும், பரு எழும்பும், உடைந்தால் குழி. குழி விழுந்த பின் மினுக்கினால் மீதி முலாமும் போகும். திரும்பப் பூசுவதென்றால் குழியைக் குடைந்து நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும். அது தெரியாத பட்டறையில் கொடுத்தால் அமிலத் தொட்டியில் கைபிடியே கரைந்து வரும். நல்ல தண்ணீரில் கிழமைக்கொரு முறை கழுவி, மெழுகு பூசுவதே மலிவு.

நாகக் கலவையில் வார்த்த காபரேற்றர்களும் உண்டு. அங்கே ஈயத்தைவிடக் கையில் உள்ள ஸ்பானர்தான் ஆபத்து: நட்டை மிகைப்பட இறுக்கினால் மென்மையான விளிம்பு வளைந்து, இடுக்கால் காற்று உள்ளே போய், எஞ்சின் நிலையோட்டம் ஏறி இறங்கும். கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைத்தால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் நாலு படம் கேட்கட்டும்: அடித்தட்டின் நேர்ப்படம், எல்லாக் கதவுகளும் திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, சமதளமான கண்ணாடியில் நிறுத்தி, பக்கவாட்டில் சில்லு மட்டத்திலிருந்து ஒன்று. கதவைத் திறந்து காட்ட மறுத்து, "பெட்டி பிரிக்காத புதுசு" என்று மட்டும் சொன்னால் அந்த விலைக்கு வாங்காதீர்கள். பிரிக்காத பெட்டிக்குள்தான் வீக்கம் யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது.